பதினேழு பெயர்களும் விட்டுப்போன ஒன்றும்

போன வாரம், மையத்தில் புதிதாகச் சேர்ந்த உங்களில் ஒருவர் என்னைப் போனில் அழைத்தார். வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. அதற்குள் குரலில் அப்படி ஒரு களைப்பு.

"மேடம், ஒரு பக்கம் என் பிள்ளைக்கு ஆட்டிசமா பாருங்க, ஏ.டி.எச்.டி.யா பாருங்கன்னு க்யூவுல நிக்கிறாங்க. இன்னொரு பக்கம் எங்க வீட்லயே கேக்கறாங்க, நல்லா இருக்கிற பசங்களுக்கெல்லாம் வியாதிப் பேர் வெச்சுக்கினு இருக்கீங்களான்னு. நீங்க உண்மையைச் சொல்லுங்க. நாம அதிகமா பேர் வைக்கிறோமா, கம்மியா வைக்கிறோமா?"

போனில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. எழுதி அனுப்புகிறேன், மற்றவர்களுக்கும் காட்டுங்கள் என்றேன். உட்கார்ந்து யோசித்துப் பார்த்ததில், அந்தக் கேள்விக்கு என்னிடம் கருத்து என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் ஒன்பது நாள் நடந்தது மட்டும்தான் இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

முப்பத்தொரு வருடம் இந்த ஊர் அரசு மையத்தில் குழந்தைகளைப் பரிசோதிக்கும் உளவியலாளராக இருந்தேன். எத்தனையோ பேர் என் அறைக்கு வந்து போனார்கள். காஞ்சிபுரத்தில் என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு: "அந்த மேடம் லேசுல சர்ட்டிபிகேட் எழுதித் தர மாட்டாங்க." பள்ளிக்கூடங்கள் சலித்துக்கொண்டு சொல்லும், பெற்றவர்கள் நிம்மதியோடு சொல்வார்கள். இரண்டுமே என் காதுக்கு இனிமையாகத்தான் இருந்தன.

நான் ஓய்வு பெறுவதற்கு ஆறு வருடம் முன்பு, ஒரு திங்கட்கிழமை காலை, ஒரு பட்டியல் என் மேசைக்கு வந்தது. ஐயம்பேட்டை தாண்டி இருந்த ஒரு தனியார் பள்ளி. இரண்டாம் வகுப்பு, ஒரே பிரிவு, நாற்பத்தெட்டுப் பிள்ளைகள். அதில் பதினேழு பெயர்களுக்கு நேராக 'ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, மிகை இயக்கம்) சந்தேகம்' என்று டைப் செய்து, பள்ளியின் முத்திரை குத்தியிருந்தது. பின்னாலேயே தாளாளரின் போன்.

"மேடம், ஆண்டு விழாவுக்கு முன்னாடி சர்ட்டிபிகேட் கையில வந்துடணும். சர்ட்டிபிகேட் இருந்தா நாங்க ஏதாவது சலுகை குடுத்து வெச்சுக்கலாம். இல்லன்னா டி.சி.தான். மத்த பிள்ளைங்க படிக்க வேணாமா?"

எங்கள் மையத்துக் குழந்தை மருத்துவரிடம் பட்டியலைக் காட்டினேன். என்னைவிடப் பத்து வயது இளையவர், நல்ல மருத்துவர், வாய்தான் கொஞ்சம் நீளம். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"ஒரே கிளாஸ்ல பதினேழா? இதெல்லாம் இப்ப ஃபேஷன் மேடம். அப்படியே திருப்பி அனுப்பிடுங்க."

திருப்பி அனுப்பத்தான் எனக்கும் கை போனது. அப்படி அனுப்பியிருந்தால் யாரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பட்டியலை மடிக்கும்போது ஒன்று தோன்றியது. பதினேழும் பொய் என்று பார்க்காமலே எனக்கு எப்படித் தெரியும்? அந்தத் தாளாளர் பார்க்காமல் முத்திரை குத்தினார், நான் பார்க்காமல் கிழிக்கப் போகிறேன். மேலதிகாரியிடம் போய், தினமும் காலை வேளை மட்டும் அந்த வகுப்பில் உட்கார அனுமதி கேட்டேன். "ஒவ்வொருத்தரையா இங்க வரவெச்சுப் பாக்க வேண்டியதுதானே?" என்றார். "என் ரூம்ல எல்லாப் பிள்ளையும் பத்து நிமிஷம் நல்ல பிள்ளைதான் சார்" என்றேன். கையெழுத்துப் போட்டார்.

வகுப்பு, மாடியில் தகரக் கூரை போட்ட நீளமான அறை. வகுப்பாசிரியை இருபத்து மூன்று வயதுப் பெண். முதல் நாள் என்னைப் பார்த்ததும், தன்னைத்தான் சோதிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்து, பாடக் குறிப்பேட்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். கடைசி பெஞ்சில் பிள்ளைகளோடு பிள்ளையாக முழங்கால் இடிக்க உட்கார்ந்தேன். பதினோரு மணிக்குக் கூரை சூடேறியது. பக்கத்து மைதானத்தில் ஆண்டு விழாவுக்குப் பந்தல் போடும் இரும்புக் குழாய்கள் விழுந்துகொண்டே இருந்தன. எனக்கே எழுந்து வெளியே ஓட வேண்டும் போலிருந்தது. முதல் நாள் குறிப்பில் நான் எழுதிய ஒரே வரி: 'பதினெட்டாவதாக என் பெயரையும் சேர்க்கலாம்.'

அடுத்த நான்கு நாளில் பட்டியல் மெல்லக் கரைந்தது. எப்படிப் பரிசோதித்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, அது உங்களுக்கே தெரியும். நான்கு பிள்ளைகளுக்குக் காதில் சளி கட்டி, டீச்சர் சொல்வதில் பாதி கேட்கவே இல்லை. மூன்று பேருக்குக் கரும்பலகை தெரியவில்லை. தென்னேரியிலிருந்து வரும் இருவரைப் பள்ளி வேன் முதலில் ஏற்றிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றி வந்தது. அவர்கள் தூக்கத்தை விரட்டத்தான் ஆடிக்கொண்டே இருந்தார்கள். ஒருத்தியின் அம்மா விடியுமுன் கம்பெனி பஸ் ஏறிவிடுவார். பெண் பத்தரை மணி வரை வெறும் வயிறு, அதற்குப் பிறகு சண்டை. மற்ற நாலு பேரிடம் நான் கண்டுபிடித்தது அவர்களுக்கு ஏழு வயது என்பதைத்தான்.

மூன்று பேர் மிஞ்சினார்கள். அதில் சரண் என்று ஒருவன். அவனையும் வகுப்பின் சூடும் சத்தமும்தான் இப்படி ஆக்குகிறது என்று மூன்று நாள் நினைத்தேன். நான்காம் நாள் கீழே ஆபீஸ் அறைக்குக் கூட்டிப்போனேன். மின்விசிறி, அமைதி, நாங்கள் இருவர் மட்டும், அவனே தேர்ந்தெடுத்த டைனோசர் புத்தகம். இரண்டு பக்கம் போவதற்குள் ஐந்து முறை நாற்காலியிலிருந்து இறங்கினான். ஆறாவது முறை இறங்கியவன் நின்றபடியே அழ ஆரம்பித்தான்.

"நான் வேணும்னு பண்ணல மிஸ். உக்காரணும்னுதான் நெனைக்கிறேன். காலு எழுந்துடுது."

இதெல்லாம் ஃபேஷன் என்று சொல்பவர்களை நீங்கள் நிறையச் சந்திப்பீர்கள். அவர்களோடு வாதாடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள். ஆனால் அவர்கள் பேசும்போது இந்த மாதிரி ஒரு பிள்ளையை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். அன்று மாலையே மருத்துவரிடம் சொன்னேன். அவர் மறுநாள் தானே வந்து சரணைப் பார்த்தார். இருவரும் ஒரே வண்டியில் திரும்பினோம். மையத்தின் வாசலில் இறங்கும்போது, "நான் அன்னிக்கு சிரிச்சிருக்கக் கூடாது மேடம்" என்றார்.

பதினேழுக்கு மூன்று. எனக்குத் திருப்தியாக இருந்தது. அறிக்கையின் முதல் வரியைக்கூட மனதுக்குள் எழுதிவிட்டேன்.

ஆறாம் நாள் ஆண்டு விழா ஒத்திகை. மைதானத்தில் ஆள் உயர ஸ்பீக்கர்கள் நான்கு. பத்து மணிக்கு ஒரு குத்துப்பாட்டை முழுச் சத்தத்தில் போட்டார்கள். மாடி ஜன்னல் கம்பி அதிர்ந்தது. பிள்ளைகள் குதூகலமாகக் கீழே ஓடினார்கள். கால் மணி நேரம் கழித்து வகுப்பாசிரியை முகம் வெளிறி என்னிடம் ஓடி வந்தாள்.

"மேடம், ரூபி டாய்லெட்டுக்குள்ள போய் தாப்பா போட்டுக்கிட்டா. கூப்பிட்டா பதிலே இல்ல. உள்ளே டம் டம்முனு சத்தம் வருது."

ரூபி யார் என்று எனக்கு ஒரு நொடி நினைவுக்கு வரவில்லை. அதை இன்றும் வெட்கத்தோடு சொல்கிறேன். ஆறு நாளாக எனக்கு முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண். முதுகு நேராக, ரெட்டைப் பின்னல், அழகான கையெழுத்து. பட்டியலில் அவள் பெயர் இல்லை. ஆறு நாளில் என் குறிப்பேட்டிலும் இல்லை.

கழிப்பறை முன்னால் ஏற்கெனவே கூட்டம். தாளாளர், இரண்டு ஆசிரியைகள், வாட்ச்மேன் கையில் கடப்பாரை. உள்ளேயிருந்து வந்த சத்தம் கதவைத் தட்டும் சத்தம் இல்லை. தலையைச் சுவரில் மோதும் சத்தம்.

"உடைச்சிடுப்பா. பிள்ளைக்கு ஏதாச்சும் ஆனா யார் பதில் சொல்றது?" என்றார் தாளாளர். அவர் பயந்திருந்தார். அதில் தவறில்லை.

"முதல்ல பாட்டை நிறுத்துங்க" என்றேன்.

"மேடம், இப்ப போய் பாட்டைப் பத்தி…"

"நிறுத்தச் சொல்லுங்க சார்!" நான் கத்திய கத்தலில் வாட்ச்மேன் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய் அவரே வயரைப் பிடுங்கினார்.

பாட்டு நின்றது. உள்ளே மோதும் சத்தம் நிற்கவில்லை. நான் கதவருகே குனிந்து, நமக்கெல்லாம் பழக்கிய அந்த மென்மையான குரலில் பேசினேன். "ரூபி, நான் உங்க கிளாஸ்ல உக்காந்திருக்கிற மிஸ்டா. பயப்படாதே. கதவைத் திறக்கிறியா?" டம். "மெதுவா மூச்சு விடு பார்க்கலாம்." டம், டம். நான் ஒவ்வொரு வாக்கியம் சொல்லி முடித்ததும் உள்ளே மோதல் வேகமானது. மூன்றாவது வாக்கியத்தில்தான் எனக்கு உறைத்தது. அவளுக்கு என் குரலும் இன்னொரு ஸ்பீக்கர்தான்.

வாயை மூடினேன். கூட்டத்தைத் திருப்பி அனுப்பினேன். வகுப்பாசிரியை மட்டும் இருக்கட்டும் என்று சொல்லி, அம்மாவுக்குப் போன் செய்யச் சொன்னேன். பிறகு ஈரத் தரையில் சேலையோடு உட்கார்ந்து, கையில் கடிகாரத்தைப் பார்த்தபடி மோதல்களை எண்ணினேன். தாளாளர் தூரத்தில் நின்றுகொண்டு, உடைக்கலாமா என்று கையால் ஜாடை காட்டிக்கொண்டே இருந்தார். நான் தலையை ஆட்டி மறுத்துக்கொண்டே இருந்தேன். முதல் நிமிடம் பதினான்கு முறை. அடுத்தது பதினொன்று. பிறகு எட்டு. குறைகிறது என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டுதான் கதவை உடைக்க விடவில்லை. கூடியிருந்தால் நானே உடைத்திருப்பேன். குறைந்துகொண்டிருந்த நேரத்தில் கடப்பாரைச் சத்தம் எல்லாவற்றையும் முதலிலிருந்து ஆரம்பித்துவைத்திருக்கும். என் பணிக்காலத்திலேயே மிகக் கடினமான வேலை, அந்த அரை மணி நேரம் எதுவும் பேசாமல் உட்கார்ந்திருந்ததுதான்.

அம்மா வந்தார். பெயர் எஸ்தர். பிள்ளையார்பாளையத்தில் ஒரு வீட்டில் பட்டு நூல் சுற்றும் வேலை. ஷேர் ஆட்டோ பிடித்து, வாசலிலிருந்து ஓடி வந்தவர், என்னையோ டீச்சரையோ பார்க்கவில்லை. வாயில் விரல் வைத்து எங்களுக்கு ஜாடை காட்டிவிட்டு, அந்த ஈரத் தரையில் குப்புறப் படுத்தார். கதவுக்கும் தரைக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி இருந்தது. உள்ளங்கை மேலே இருக்கும்படி கையை உள்ளே நீட்டினார். கூப்பிடவில்லை, கொஞ்சவில்லை. நீட்டிய கையோடு அப்படியே கிடந்தார்.

உள்ளே சத்தம் நின்றது. ரொம்ப நேரம் கழித்து எஸ்தரின் தோள் பாரத்தில் சற்றே தாழ்ந்தது. கன்னம் தரையில் அழுந்தியிருக்க, என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தார்.

"என் கை மேல ஏறி நிக்கிறா. வந்துடுவா. வூட்லயும் இப்படித்தான்."

ஏழு வயதுப் பெண்ணின் முழு எடையும் அந்த உள்ளங்கையில். எஸ்தர் முகத்தில் வலி தெரிந்தது, கையை இழுக்கவில்லை. பத்து நிமிடம் இருக்கும். தாப்பாள் விலகியது. நெற்றி வீங்கி ரூபி வெளியே வந்தாள், அம்மாவின் முந்தானைக்குள் தலையை நுழைத்துக்கொண்டாள்.

எஸ்தர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். பார்த்தவர் பார்த்தபடி நின்றார்.

"நீங்களா மேடம்?"

"என்னைத் தெரியுமாம்மா?"

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி உங்ககிட்ட இட்டுக்கினு வந்தேன். ஒண்ணும் இல்லன்னு சொல்லி அனுப்பிட்டீங்க."

அவர் சொல்லச் சொல்ல எனக்கும் நினைவு வந்தது. நெரிசலான ஒரு புதன்கிழமை. ஐந்து வயதுப் பெண், வணக்கம் சொன்னது, என் கண்ணைப் பார்த்தது, நிறங்களின் பெயரை மடமடவென்று சொன்னது. அம்மா என்னவோ சொல்லத் தடுமாறினார். நான்தான் பெருந்தன்மையாகச் சிரித்து, "நல்ல பிள்ளைக்கு எதுக்கும்மா வியாதிப் பேர்? பேர் எழுதறது ஈஸி, நான் எழுத மாட்டேன்" என்று அனுப்பி வைத்தேன். அன்று முழுவதும் என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

"அதுக்கப்புறம் நான் யாரண்டயும் கேக்கல மேடம்" என்றார் எஸ்தர். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் இன்னும் சுட்டது. "அவ்ளோ பெரிய மேடமே ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. அப்ப எனக்குதான் வளக்கத் தெரியலன்னு வூட்ல எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சுக்கினேன்."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அந்த நேரத்தில் மன்னிப்பு என் பாரத்தை இறக்கும், அவருக்கு ஒன்றும் செய்யாது. அதனால் இரண்டு வருடம் முன்பு கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டேன்.

"அன்னிக்கு என்கிட்ட என்ன சொல்ல வந்தீங்க?"

கழிப்பறைக்கு வெளியே இருந்த படிக்கட்டில் உட்கார்ந்து எஸ்தர் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல். ஸ்கூல் கேட்டைத் தாண்டும் வரை ரூபி சிலை மாதிரி நடப்பாள், ஆட்டோவில் ஏறியதும் உடைவாள். மாலை முழுக்க அழுகை, கையைக் கடித்துக்கொள்வது. பக்கத்தில் உட்கார்ந்த பெண் சிரித்தால் இவளும் சிரிப்பாள், அவள் கை தூக்கினால் இவளும் தூக்குவாள், எதற்கு என்று தெரியாது. வணக்கம், நிறங்களின் பெயர் எல்லாம் அம்மா கண்ணாடி முன்னால் நிற்க வைத்துப் பழக்கியவை. "ஆள் கண்ணைப் பாத்துப் பேசணும்னு நான்தான் மேடம் அடிச்சுச் சொல்லிக் குடுத்தேன்" என்று சொல்லும்போதுதான் அவர் முதல் முறையாக அழுதார்.

மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் ரூபியை முறையாகப் பார்த்தோம், நானும் மருத்துவரும், இந்த முறை அம்மா பேசி முடிக்கும் வரை. ஆட்டிசம்தான், சந்தேகமே இல்லை. வகுப்பிலேயே அமைதியான பெண், அந்த அமைதிக்காக ஒவ்வொரு நாளும் தன்னைப் பிழிந்துகொண்டிருந்தாள். சத்தம் போட்ட பதினேழு பேரை டீச்சர் எழுதிக் கொடுத்தாள். சத்தம் போடாதவளை அவளும் பார்க்கவில்லை, இருபத்தைந்து வருட அனுபவம் இருந்த நானும் பார்க்கவில்லை.

ரூபியின் அப்பா டேவிட் ஷேர் ஆட்டோ ஓட்டுபவர். என்னைத் தேடி மையத்துக்கே வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"பேர் வெச்சா இன்னா மேடம் மாறும்? ஊரு முழுக்க ஒரு மாதிரி பாக்கும், அவ்ளோதானே?"

அவருக்குப் பெரிய வாக்குறுதி எதுவும் கொடுக்கவில்லை. "நாளைக்கு ஸ்பீக்கர் போடறதுக்கு முன்னாடி அவகிட்ட சொல்லணும்னு டீச்சருக்குத் தெரியும். உங்க சம்சாரத்தை யாரும் குறை சொல்ல மாட்டாங்க. இப்போதைக்கு இந்த ரெண்டையும்தான் என்னால உறுதியா சொல்ல முடியும்" என்றேன். அவர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் பெற்றோர் கூட்டம். சான்றிதழ் தர மையத்திலிருந்து மேடம் வந்திருக்கிறார் என்று தாளாளர் என்னை அறிமுகப்படுத்தினார். நான் மைக்கை வாங்கி, பதினேழு பேரில் பதினான்கு பேருக்கு ஏ.டி.எச்.டி. இல்லை, யார் யாருக்குக் காது, கண், தூக்கம், சாப்பாடு கவனிக்க வேண்டும் என்பதை அவரவர் வீட்டாரிடம் தனியாகச் சொல்கிறேன் என்றேன். கைதட்டல். தாளாளர் முகம் இறுகியது. முன் வரிசையில் ஓர் அப்பா எழுந்தார்.

"அதானே! எங்க காலத்துல இதெல்லாம் இருந்துச்சா? ரெண்டு அடி போட்டா சரியாப் போற விஷயம். இந்த மாதிரி தைரியமா சொல்ற ஆளுங்கதான் மேடம் வேணும்."

மறுபடி கைதட்டல். அந்த நிமிடம் நன்றாக நினைவிருக்கிறது. சபை முழுதும் என் பக்கம். அத்தோடு நன்றி சொல்லி உட்கார்ந்திருந்தால் ஊர் என்னைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருக்கும்.

"கை தட்டாதீங்க" என்றேன். "மீதி மூணு பேருக்கு அது இருக்குது. அடிச்சா சரியாப் போகாது, இன்னும் மோசமாகும். பட்டியல்லயே இல்லாத இன்னொரு பிள்ளைக்கு வேற ஒரு உதவி தேவைப்படுது. அந்தப் பிள்ளையை ரெண்டு வருஷம் முன்னாடியே அதோட அம்மா என்கிட்ட கூட்டிக்கிட்டு வந்தாங்க. நான் அவங்களைச் சரியா கேக்காம, ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டேன். அது என் தப்பு. அந்த அம்மா மேல எந்தத் தப்பும் இல்ல."

முன் வரிசை அப்பா உட்கார்ந்துவிட்டார். பெயரை நான் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. ஆனால் கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. டேவிட் எழுந்து நின்றார். காக்கிச் சட்டையோடு, நேராக வண்டியிலிருந்து வந்திருந்தார்.

"அது எங்க பொண்ணுதான்" என்றார். "ரூபி. எங்க வூட்ல என் சம்சாரத்தைத்தான் எல்லாரும் திட்டினோம். நானும்தான்." பக்கத்தில் எஸ்தர், மற்றவர்கள் திரும்பிப் பார்த்தபோது தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன், எல்லாம் சுபமாக முடிந்தது என்று நினைக்காதீர்கள். தாளாளர் என் மேல் புகார் எழுதினார், தகுதியான மாணவர்களுக்குச் சான்றிதழ் மறுத்தேன் என்று. விசாரணை வந்தது. ஒன்பது நாள் குறிப்புகளையும் மேசையில் வைத்தேன். இரண்டு வருடம் முன்பு ரூபியைப் பார்த்து நான் எழுதிய தாளையும், அதில் தவறவிட்டதையும் சேர்த்தே வைத்தேன். வந்த அதிகாரி அதை மட்டும் இரண்டு முறை படித்தார். புகார் அத்தோடு முடிந்தது. டி.சி. யாருக்கும் கொடுக்கப்படவில்லை. வகுப்பு கீழ்த்தளத்துக்கு மாறியது. இரண்டு பிரிவாகவும் பிரித்தார்கள், அதற்கு மட்டும் பெற்றோர்கள் ஒரு மாதம் பள்ளிக்கு நடையாய் நடந்தார்கள். சரணுக்கு மருந்தும் பயிற்சியும் தொடங்கினோம். மற்ற இருவரில் ஒருவனை அவன் வீட்டார் கடைசி வரை கூட்டி வரவில்லை. இரண்டு முறை வீடு தேடிப் போனேன், கதவைத் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

ரூபிக்கு இப்போது பதினான்கு வயது. கணக்கில் வகுப்பிலேயே முதல். கூட்டம் கூடும் இடங்களுக்குக் காதை மூடும் ஹெட்ஃபோனோடு போகிறாள், கேட்பவர்களுக்கு அவளே விளக்கம் சொல்கிறாள். பன்னிரண்டு வயதில் ஒரு முறை என் அறையில் உட்கார்ந்து, என் கண்ணைப் பார்க்காமல், பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே கேட்டாள்:

"எனக்கு இருக்கிறதுக்கு ஒரு பேர் இருக்குதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல மேடம்? நான் கெட்ட பொண்ணுன்னு நெனச்சுக்கினு இருந்தேன்."

"சொல்லியிருக்கணும்மா" என்றேன்.

"சரி" என்றாள். பேப்பர் வெயிட்டைத் திரும்ப உருட்டினாள். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

அதிகமா, கம்மியா என்று கேட்டீர்களே. ஒரே வகுப்பில் பதினான்கு அதிகம், ஒன்று கம்மி. இரண்டும் ஒரே கூரையின் கீழ், ஒரே வாரத்தில் நடந்தது. இனி யாராவது உங்களிடம் இந்தப் பேச்சை எடுத்தால், எந்தப் பிள்ளையைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். பிள்ளையைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். அம்மா தடுமாறினால் வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, கொஞ்சம் தற்பெருமைதான், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஓய்வு பெற்ற வாரம். பாராட்டு விழா, சால்வை, சந்தன மாலை எல்லாம் முடிந்துவிட்டது. அறையைக் காலி செய்துகொண்டிருந்தேன். வெளியே வராந்தாவில் எஸ்தரின் குரல் கேட்டது. கூட வேலை செய்யும் ஓர் இளம் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்தப் பெண்ணின் இடுப்பில் மூன்று வயதுக் குழந்தை. உள்ளே வரப் பயந்து அவள் தயங்கி நின்றாள்.

"பேர் வெச்சு அனுப்பிட்டாங்கன்னா இன்னாக்கா பண்றது?"

"இருந்தா இருக்குதுன்னு சொல்லுவாங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுவாங்க" என்றார் எஸ்தர். "தப்பா சொல்லிட்டாங்கன்னா, நாலு பேர் எதிர்ல எழுந்து நின்னு, நான் தப்பா சொல்லிட்டேன்னும் சொல்லுவாங்க. நீ வா."

கட்டி வைத்திருந்த பெட்டியைத் தரையில் இறக்கிவிட்டு, ஒரு நாற்காலியைத் துடைத்து அந்தப் பெண்ணுக்குப் போட்டேன். "சொல்லும்மா" என்றேன். அன்று நான் வீட்டுக்குக் கிளம்ப மூன்று மணி நேரம் தாமதம்.